லட்சத்தில் உட்கார்ந்துவிடுமா டர்போ?

நம்பிக்கை: டர்போ வைத்த பெட்ரோல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடும்.

மதுரை மேலூர் ரோட்டில் ஒத்தக்கடைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பழைய ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி, ஐ20 என் லைன் என்று ஆசைப்பட்டு வண்டியைக் காட்டக் கூட்டிவருகிற பையன்கள் எல்லோருக்கும் இதே கேள்வி: "அண்ணே, டர்போ லட்சத்துல போயிருமாமே?" யார் சொன்னது என்றால் மச்சான் சொன்னாராம். மச்சானுக்கு? டீக்கடையில் ஒருவர். அவரிடம் டர்போ கார் இருக்கிறதா என்றால் பதில் வராது.

உண்மை: மச்சான் கல்யாணத்துக்குப் போய்வந்த இன்னோவாவிலேயே டர்போ இருக்கிறது. 2005-ல் இங்கே வந்த 2.5 லிட்டர் டீசல் இன்னோவா டர்போ வண்டிதான். மூன்று லட்சம், நான்கு லட்சம் ஓடிய இன்னோவாவை டாக்ஸி ஸ்டாண்டில் போய்ப் பாருங்கள். இந்த ரோட்டில் திருச்சிக்குப் பறக்கும் லாரியிலும் பஸ்ஸிலும் இருப்பது அதேதான். ஏதோ வெளிநாட்டு வினோதம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். மதுரையில் வேர்விட்ட டிவிஎஸ் குடும்பத்து நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து நடத்தும் டர்போ எனர்ஜி, 1980களிலிருந்தே தமிழ்நாட்டில் டர்போ செய்துவருகிறது.

"டீசல் வேற, பெட்ரோல் வேறண்ணே" என்பார்கள். சரி, வேறுதான். பெட்ரோல் எஞ்சினின் புகை 950 டிகிரி வரை சுடும். டீசலில் அவ்வளவு சூடு ஏறாது. சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். அதனால்தான் பெட்ரோல் டர்போவின் சூடான பக்கச் சக்கரத்தை நிக்கல் கலந்த உலோகத்தில் வார்க்கிறார்கள்; பேரிங் இருக்கும் நடுப்பகுதிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கொடுக்கிறார்கள். சுடும் என்று தெரிந்தவர்கள்தான் அதைச் செய்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக எது கெட்டது என்று பார்க்க ஆக்டேவியா ஆர்எஸ் வரிசை ஒன்றே போதும்.

2004-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஆர்எஸ்: 1.8 லிட்டர், 20 வால்வு, 150 குதிரைத்திறன். அந்த எஞ்சின் குடும்பத்தின் வியாதி ஆயில் கசடு. அமெரிக்காவில் இதே குடும்பத்து எஞ்சின் வைத்த பஸாட், ஆடி ஏ4 கார்களுக்கு, கசடால் வரும் சேதத்துக்காகவே வாரண்டியை 8 ஆண்டுக்கு நீட்டினார்கள். தப்பான ஆயிலை ஊற்றி, மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் விட்டால் ஆயில் தார் போலாகி, உறிஞ்சும் குழாயின் வலையை அடைக்கும். பட்டினி கிடந்து முதலில் சாவது டர்போ. பழி விழுவதும் அதன் மேல்தான்.

2011-ல் லாரா என்ற பெயரில் வந்த அடுத்த தலைமுறை ஆர்எஸ்: 1.8 டிஎஸ்ஐ, 160 குதிரைத்திறன். பெல்ட் போய் செயின் வந்தது. அந்தத் தலைமுறையில் டைமிங் செயின் டென்ஷனரும், ஆயிலைக் குடிக்க வைத்த பிஸ்டன் ரிங்குகளும் உலகம் முழுக்கப் பேர் கெடுத்தன. டென்ஷனர் விட்டுக்கொடுத்தால் செயின் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதும். இதில் டர்போ எங்கே வருகிறது?

2017-ல் அடுத்த ஆர்எஸ்: 2 லிட்டர், 230 குதிரைத்திறன். ரிங்கும் டென்ஷனரும் திருத்தப்பட்ட மூன்றாம் தலைமுறை எஞ்சின். இதில் தலைவலி, தண்ணீர் கசியும் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூடு.

மூன்று தலைமுறை, மூன்று வியாதி. மூன்றிலும் டர்போ குற்றவாளி இல்லை.

போலோ ஜிடி டிஎஸ்ஐயைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கு: அதில் பெரும்பாலும் படுத்தியது 7 கியர் டிஎஸ்ஜி பெட்டி. 2013-ல் அந்தக் கியர்பெட்டி வைத்த 16 லட்சம் கார்களுக்கு உலகம் முழுக்க கியர் ஆயிலை மாற்றித் தந்தது ஃபோக்ஸ்வேகன். வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில்தான் அந்தக் கோளாறு அதிகம். கியர்பெட்டி போனதை "டர்போ போச்சு" என்று ஊரெல்லாம் சொன்னால் எஞ்சின் என்ன செய்யும்?

போர்ஷே 911-ஐயும் பாருங்கள். 996 தலைமுறையில் பேரிங் உடைந்து எஞ்சினே போகும் என்று பேர் வாங்கியது டர்போ இல்லாத கரேரா. அதே தலைமுறையின் 911 டர்போவுக்கு வேறு எஞ்சின். அந்தப் பேரிங் வியாதியே அதில் இல்லை. நம் ஊர் நம்பிக்கை அங்கே தலைகீழாக நிற்கிறது.

மற்ற நம்பிக்கைகளை வேகமாக முடித்துவிடுகிறேன்.

நம்பிக்கை: பழைய டர்போ இரும்பு, புதுசெல்லாம் தகரம். உண்மை: 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியாக ஊற்றினால்தான் முழு பலத்தோடு ஓடும். பலர் ஊற்ற மறந்தார்கள். இரண்டே வருடத்தில் காரே நின்றுபோனது.

நம்பிக்கை: நிறுத்தும் முன் ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும். உண்மை: தண்ணீர்க் குளிர்ச்சி இல்லாத காலத்துப் பழக்கம். நான்குவழிச் சாலையில் விரட்டி வந்தவர், ஒத்தக்கடை யானைமலை கண்ணில் பட்டதும் காலைத் தளர்த்தி கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் போதும்.

நம்பிக்கை: நாலாவது கியரிலேயே உருட்டினால் எஞ்சினுக்குச் சுகம். உண்மை: டர்போ நேரடி ஊசி எஞ்சினைக் குறைந்த சுற்றில் அமுக்கினால், பிளக் பொறி போடும் முன்பே கலவை வெடித்து பிஸ்டனை உடைக்கலாம். ஸ்பீடு பிரேக்கர் தாண்டினால் கியரைக் குறையுங்கள், கை ஒன்றும் தேயாது.

நம்பிக்கை: ரீமேப் பண்ணினால் ஒன்றும் ஆகாது. உண்மை: பண்ணியவர் வாரண்டி தர மாட்டார். கம்பெனியும் தராது.

இவ்வளவும் கடைசியில் வந்து நிற்பது ஆயிலில். அந்த 2 லட்சம் சுற்றுத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. நான் சொன்ன முன்கூட்டி வெடிப்பைத் தடுக்கத்தான் ஆயில் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஐ 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று புதிய தரங்களைக் கொண்டுவந்தது. டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றாலும் வருடம் முடிந்தால் ஆயிலை மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம் காலி டப்பா. மாற்றி முடித்ததும் டப்பாவை அங்கேயே விட்டு வந்தால் அது எடைக்குப் போகும். எடையிலிருந்து வேறு கைக்குப் போய், வடிகட்டிய கழிவு ஆயிலோடு புது மூடி போட்டுத் திரும்பி வரும். மலிவு என்று நீங்களே அதை வாங்குவீர்கள். ஆகவே ஸ்க்ரூடிரைவரை வாங்கி, உங்கள் கண் முன்னாலேயே டப்பாவில் இரண்டு ஓட்டை போடுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். என் பட்டறையில் அது கட்டாயம். கூச்சப்படுகிறவருக்கு நானே போட்டுக் கொடுக்கிறேன்.