பதினைந்து மீட்டரில் வால்பிடித்து ஓட்டுபவருக்கு

ஜெர்மனியில் மியூனிக்குக்கும் நூரம்பர்க்குக்கும் நடுவே ஏ-9 ஆட்டோபானில், 2018-19இல் சரக்கு நிறுவனமான டிபி ஷெங்கரின் இரண்டு 'மான்' (MAN) நிறுவன லாரிகள் நிஜச் சரக்கோடு ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. இடைவெளி 15 முதல் 21 மீட்டர். அங்கே லாரிகளை 50 மீட்டர் விட்டு ஓட்ட வேண்டும் என்பது சட்டம். சிறப்பு அனுமதி வாங்கித்தான் ஓட்டினார்கள். முன் லாரி பிரேக் போட்ட செய்தி வானலையில் பின் லாரிக்குப் போய், அதுவும் தானாகவே பிரேக் போடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுகிறோம். டிரைவர் கண்டு, புரிந்து, காலை மாற்றி மிதிப்பதற்குள் கதை முடிந்துவிடும். அந்த வினாடியை ரேடியோ மிச்சப்படுத்துகிறது. நெருங்கி ஓட்டும் தைரியம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது.

செய்ய வேண்டியவை

உங்கள் வண்டியில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார் விளம்பரங்களில் வரும் 'அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல்' பெரும்பாலும் ரேடாரையோ கேமராவையோ மட்டும் நம்பியது. முன் வண்டி வேகம் குறைந்த பிறகுதான் அதற்கு விஷயம் தெரியும். அந்தத் தாமதம் வண்டிக்கு வண்டி பெருகும்: முதல் கார் லேசாகத் தயங்கினால் பத்தாவது கார் நின்றே போகலாம். மனிதர்கள் ஓட்டினாலும் இதே கதைதான். ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓடச் சொன்னார்கள். குறுக்கே யாரும் வராமலேயே நெரிசல் உருவானது. அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஏ-9 லாரிகளைப் போல வண்டிகள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் கூட்டுறவு முறையில் ஒவ்வொரு வண்டியும் வினாடிக்குப் பத்து முறை வரை தன் வேகத்தையும் முடுக்கத்தையும் அறிவிப்பதால், அலை பின்னால் போகப் போக அடங்க வாய்ப்பிருக்கிறது.

வரிசை சேரும் முன் சுமையையும் பிரேக்கையும் ஒப்பிடுங்கள். நிற்க அதிகத் தூரம் எடுக்கும் வண்டி முன்னால் போகட்டும். பின்னால் வருவது அதைவிடச் சீக்கிரம் நிற்கும் என்றால்தான் சின்ன இடைவெளி நியாயம்.

தொடர்பு அறுந்தால் காரணம் தேட வேண்டாம். முதலில் இடைவெளியை அகட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இரு வண்டிகளின் ரேடியோவும் ஒரே வகையா என்று பாருங்கள். வைஃபை வழி வந்தது ஒன்று, செல்போன் தொழில்நுட்ப வழி வந்தது இன்னொன்று. இரண்டும் 5.9 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இயங்குகின்றன, ஆனால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.

செய்யக்கூடாதவை

பிரிந்த வரிசையைச் சேர்க்க ஆக்சிலேட்டரை மிதித்துத் துரத்தாதீர்கள். நெருங்கி ஓடுவதில் காற்றுத்தடை குறைந்து டீசல் மிச்சமாகும் என்பதுதான் கணக்கு. ஏ-9 சோதனையில் அது 3-4 சதவீதம். கையில் நிற்கும் லாபமே அவ்வளவுதான். பிரிந்தபின் மீண்டும் சேர வேகமெடுக்கும்போது அதுவும் கரைகிறது என்று கண்டுதான் லாரி தயாரிப்பு நிறுவனமான டெய்ம்லர் 2019 தொடக்கத்தில் இந்த முயற்சியைக் கைவிட்டது. என்னைக் கேட்டால், மேடும் எக்ஸிட்டும் நிறைந்த சாலையில் வரிசை சேர்வதே வீண்.

ரேடியோவில் வந்ததையெல்லாம் வேதவாக்காக எடுக்கும் அமைப்பை நம்பாதீர்கள். செய்திக்கு மின்கையொப்பம் வேண்டும், சொந்த ரேடாரும் அதை ஆமோதிக்க வேண்டும். 'பிரேக் போடுகிறேன்' என்று பொய் சொல்ல ஒரு பெட்டி போதும்.

பின் லாரி டிரைவர் செல்போனை எடுக்கக் கூடாது. சாலையில் கிடக்கும் டயர்த் துண்டையோ ஓரத்தில் தடுமாறும் பைக்கையோ ரேடியோ சொல்லாது. அவற்றிடம் ரேடியோ இல்லை.

கடைசியாக, பக்கத்தில் போகும் கார்க்காரர்களுக்கு: இரு லாரிக்கும் நடுவே நுழையாதீர்கள். நுழைந்தால் பின் லாரி இடைவெளியை விரித்து வழிவிட வேண்டும். எக்ஸிட் நெருங்கிவிட்டால் பொறுத்திருந்து பின் லாரிக்கும் பின்னால் சேருங்கள். இரண்டு லாரிகளும் இடைவெளியும் சேர்ந்தே ஏறக்குறைய 50 மீட்டர்தான்.