ஊர்ப் படைவீரர் கண்காட்சி: அமைக்கும் முறை

முன்னாள் படைவீரர்களுக்கும் ஊர்ப்பெரியவர்களுக்கும் கண்காட்சி வைக்க முதலில் வேண்டியது பெயர்ப்பட்டியல். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் அதை மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதோடு தொழிற்சாலை வாசல்களிலும் கேட்க வேண்டும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அங்கே செக்யூரிட்டி வேலையில் இருக்கிறார்கள். தினமும் தன் அடையாள அட்டையைப் பார்ப்பவர் ஒரு காலத்தில் எல்லையில் நின்றவர் என்பது ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிக்குத் தெரிவதில்லை. கண்காட்சி போக்க வேண்டிய குறை அதுதான்.

பட்டியல் ஆனதும் வீடு வீடாகப் போக வேண்டும். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், பதக்கங்கள், பழைய குரூப் போட்டோ கிடைக்கலாம். பதக்கத்தின் முகப்பைவிட விளிம்பு முக்கியம். படை எண், பதவி, பெயர் ஆகியவை பொடி எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, டிஸ்சார்ஜ் புக்கோடு ஒத்துப்பார்த்தால் குடும்பத்தார் நினைவில் பிசகிய விவரம் சரியாகிவிடும். பளபளப்புக்காகப் புளி போட்டுத் துலக்கக் கூடாது; எழுத்து தேய்ந்துவிடும், நாடாவும் கறைபடும். புகைப்படங்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து நகலை மட்டும் வைக்க வேண்டும். ஓய்வூதிய எண், வங்கி விவரம் நகலில் மறைக்கப்பட வேண்டும். பதக்கத்தை வாங்கினால் படத்தோடு இரண்டு பிரதி ஒப்புகைச் சீட்டு அவசியம். படைவீரர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் வீட்டை நடத்திய மனைவியின் பேச்சையும் பதிவு செய்யாத கண்காட்சி பாதிக் கண்காட்சிதான்.

ஊர்ப்பெரியவர் என்றால் பதவியில் இருந்தவர் மட்டுமல்லர். பள்ளிக்கு நிலம் கொடுத்தவர், ஏரி மதகைக் காத்தவர் ஆகியோரும் அதில் அடங்குவர். பள்ளிக் கல்வெட்டையும் ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இப்போது பதவியில் இருப்பவர்களைத் தவிர்ப்பது நல்லது.

2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் வீரமரணமடைந்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன், காஞ்சிபுரம் ஏனாத்தூரில் படித்தவர். அவருக்கு ஒரு பலகை போதும். அவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்த தெரு ஹவில்தாருக்கே முதல் பலகை. சாதாரண வீரர்கள் மறக்கப்படுவது புதிதல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780, 1781 ஆகிய ஆண்டுகளில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதின. அங்கே ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. உடன் மாண்ட சிப்பாய்களுக்குத் தூண் இல்லை. அதனால் ஒவ்வொரு பலகையிலும் பெயர், சொந்த ஊர், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள், இடங்கள் விடாமல் வர வேண்டும். ஐம்பது சொல்லுக்குள், கண் மட்டத்தில், நேர் வெயில் படாத சுவரில் இருக்கட்டும். வட மாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியில் ஒரு வரி சேர்க்கலாம்.

கிராம சபை கூடும் மே 1 அல்லது ஆகஸ்ட் 15 ஏற்ற நாள். அன்றும் பகல் ஷிப்டு முடித்து வருபவர்களுக்காக இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். ஸ்கேன் பிரதிகளில் ஒரு தொகுப்பு பள்ளி நூலகத்துக்குப் போக வேண்டும். வாங்கிய பதக்கங்களை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, சீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கண்காட்சி முடிந்ததாகக் கணக்கு.