வேகமும் வெளியீட்டு மின்னெதிர்ப்பும்

தோழியரே, கம்பி வழியே துடிப்புகளை அனுப்பும் சுற்றின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு குறைந்தால் வேகம் கூடும். கம்பியின் மின்தேக்குதிறன் அதன் வழியாகத்தானே நிரம்ப வேண்டும்! 300 ஓமை 1,000 பிக்கோபாரடால் பெருக்கினால் காலமாறிலி 0.3 மைக்ரோ விநாடி. 15 ஓமானால் 0.015. குட்டைக் கம்பிக்கு இக்கணக்குப் போதும்.

நீண்ட கம்பியிலோ கூரிய துடிப்பு திறந்த மறுமுனையில் பட்டு எதிரொலித்துத் திரும்பும். மின்னெதிர்ப்பு மிகக் குறைந்த இம்முனையும் அதைத் திருப்பியனுப்பும். ஏற்கும் சுற்று ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடலாம். பணக்கணக்குப் பொறியானால் என்ன ஆவது!

ஆகவே 50 ஓம் கம்பிக்கு, 15 ஓம் சுற்றுடன் 35 ஓமைத் தொடராக இணைப்பர். முதலில் பாதி மின்னழுத்தமே கிளம்பும். மறுமுனையில் இரட்டித்து முழுமையாகும். திரும்பும் அலையை இம்முனையின் 50 ஓம் ஏற்றுக்கொள்ளும். வேகம் சற்றே தணியும். கம்பியின் நடுவில் மட்டும் இன்னொரு ஏற்பியை இணைக்கக் கூடாது. அங்கே முதலில் பாதி அழுத்தம்தான் வரும்.