பாலாவிச் சந்திக்கு அப்பால்: அம்புலன்ஸ் மாணவருக்கான பயிற்சி வழிகாட்டி

பாலாவிச் சந்தியில் புத்தளம்–கொழும்பு வீதியை விட்டுத் திரும்பினால் கற்பிட்டி நகர் சுமார் 40 கிலோமீற்றர். நுரைச்சோலை, தலவில எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வீதிதான். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். கற்பிட்டியில் அரச வைத்தியசாலை உண்டு. கூடுதல் சிகிச்சை வேண்டுமென்றால் புத்தளம் போக வேண்டும். அங்கும் முடியாவிட்டால் சிலாபம், அநுராதபுரம், சில வேளை கொழும்பு. இந்தக் கரையில் அவசர மருத்துவ உதவியாளராகப் பயில்பவர் முதலில் படிக்க வேண்டியது இந்தத் தூரத்தை. அம்புலன்ஸில் ஏறுமுன் வைத்தியசாலையில் பெறும் பயிற்சியில் பார்க்கும் ஒவ்வொன்றையும் ‘ஓடும் வண்டியில், தனி ஆளாக, இதை நான் எப்படிச் செய்வேன்?’ என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

1990 இலக்கச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. ஆரம்பத்தில் உதவியாளர்கள் ஹைதராபாத் சென்று பயின்று வந்தார்கள். வண்டியில் சாரதியும் ஓர் உதவியாளரும் மட்டுமே இருப்பார்கள். வைத்தியர் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார். ஆகவே கண்டதை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத உதவியாளருக்கு அந்த வைத்தியராலும் உதவ முடியாது.

முதல் நாளுக்கு முன்

ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை போட வேண்டும். வழமையான அட்டவணையில் முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே ஆறு மாதம். பயிற்சித் திகதி வந்த பிறகு ஓடினால் காணாது. அடுத்தது மொழி. நோயாளி தமிழ் பேசுவார், வைத்தியர் சிங்களம் பேசுவார். சிலாபப் பக்கம் இதுவே தலைகீழாகவும் நடக்கும். ‘கொஹெத ரிதென்னே’ (எங்கே வலிக்கிறது?), ‘ஹுஸ்ம கன்ன அமாருத’ (மூச்செடுக்கக் கஷ்டமா?) போன்ற இருபது கேள்விகளும் அவற்றுக்கு வரக்கூடிய பதில்களும் நாவில் இருக்கட்டும். கேள்வியை மட்டும் பாடமாக்கிப் போகிறவர் பதில் வந்ததும் முழிப்பார்.

மேற்பார்வையாளரை முதல் நாளே கண்டு மூன்று விஷயம் சொல்லுங்கள்: இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், எதைப் பார்த்து மட்டும் இருக்கிறீர்கள், எதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. மூன்றாவதைத்தான் பலரும் சொல்வதில்லை. நெரிசல் நேரத்தில் ஒருவர் ஊசியைக் கையில் தந்து “தம்பி, இதக் கொஞ்சம் போட்டுவிடும்” என்பார். “அதுக்கு எனக்கு இன்னும் கையொப்பம் கிடைக்கேல்ல மிஸ், பக்கத்தில நிண்டு பார்க்கிறன்” என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

கண், பிறகு கை

எந்தச் செய்கையையும் மூன்று படியாக எடுங்கள். முதலில் பார்ப்பது. பிறகு மேற்பார்வையாளரின் கை அருகில் இருக்கச் செய்வது. அதன் பின் அவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்க, நீங்கள் செய்வது. எப்போது அடுத்த படி என்பதை அவரே சொல்லட்டும்.

முதல் சில நாளுக்கு ஒரே வேலை போதும்: சுவாசத்தை முழு ஒரு நிமிடம் எண்ணுவது. கருவி காட்டும் இலக்கத்தைப் பார்த்து எழுதிவிடும் பழக்கம் எல்லா வார்டிலும் இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ள வேண்டாம். நிலை மோசமாகும் நோயாளிக்கு, ஒட்சிசன் அளவு இன்னும் நன்றாகத் தெரியும்போதே சுவாச வேகம் ஏறிவிட்டிருக்கும்.

சுவாசப்பாதையைப் பழக உகந்த இடம் சத்திரசிகிச்சைக் கூடம். காலையில் முதல் நோயாளி உள்ளே வருமுன் மயக்கமருந்து வைத்தியரிடம் அனுமதி கேளுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்டால் பதில் வராது. முகமூடியை முகத்தில் அழுத்தாமல், தாடையை முகமூடிக்குள் தூக்கிப் பிடிக்கும் பிடியைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவருக்கு ஆறு வினாடிக்கு ஒரு மூச்சு, நெஞ்சு மெல்ல எழும் அளவுக்கு. பதற்றத்தில் எல்லோரும் மூச்சுப்பையை வேகமாகத்தான் அமுக்குவார்கள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே அமுக்குங்கள்.

பாம்புக்கடி

இந்த வறண்ட கரையில் புடையன், நாகம், கட்டுவிரியன் மூன்றையும் எதிர்பார்க்க வேண்டும், சுருட்டையும் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பாம்புக்கடி நோயாளி வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டு, அனுமதி கேட்டு அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்த குருதியை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் புடையன் போன்றவற்றின் நஞ்சு உடலில் வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியதும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அட்ரினலினைத் தயாராக எடுத்து வைப்பதையும் கவனியுங்கள். விஷமுறிவு மருந்து ஏற்றுவது ஏன் வைத்தியசாலையின் வேலை என்பது அப்போது புரியும்.

உங்கள் வேலை அதற்கு முந்தியது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் மட்டையோடு கட்டுவது, மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுவது, நடக்க விடாமல் தூக்கி வருவது. கீறுவதும் உறிஞ்சுவதும் இல்லை. ஊரார் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தால் அவசரப்பட்டு அவிழ்க்காமல் தொலைபேசியில் வைத்தியரைக் கேளுங்கள். திடீரென அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடலில் பரவக்கூடும்.

கட்டுவிரியன்தான் ஆளை ஏமாற்றும். தரையில் பாய் போட்டுப் படுப்பவரை இரவில் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது. கரையோர வாடியிலிருந்து “விடியக் காத்தால வயித்து நோவெண்டு சொன்னாரு மிஸ், வேற ஒண்டும் இல்ல” என்று கூட்டி வருவார்கள். எங்கே படுத்திருந்தார் என்று கேட்காதவர் அதை வயிற்று வலியாகவே எழுதுவார். ஆகவே வைத்தியர் நோயாளியைப் பார்க்கும் நேரத்தில், அவரைக் கூட்டி வந்தவரை ஓரமாக அழைத்துப் பேசப் பழகுங்கள். இந்தப் பயிற்சியில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

வண்டியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு பரிசோதனை: தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லி இமை சரிகிறதா என்று பார்ப்பது, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று குறிப்பது. வார்டில் இருக்கும்போதே இதைத் திரும்பத் திரும்பச் செய்து, நேரத்தோடு எழுதுங்கள்.

தோட்டமும் கடலும்

கற்பிட்டி மணலில் மரக்கறித் தோட்டங்கள் அதிகம், பூச்சிமருந்தும் கூடவே இருக்கும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வழிந்து, நெஞ்சு களகளவென்று கேட்டால் ஒர்கனோபொஸ்பேற்று நஞ்சை நினையுங்கள். கையுறை போட்டு, உடுப்பைக் கழற்றி, உடம்பைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலைக் கட்டாயம் கொண்டு வரச் சொல்லுங்கள். அத்ரோபின் ஏற்றும்போது, நெஞ்சுச் சத்தம் எப்போது தெளிகிறது என்று மேற்பார்வையாளரின் ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக் கேளுங்கள்.

திருக்கை முள் குத்திய காலை, பொறுக்கக்கூடிய சூட்டு நீரில், 45 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் வைத்தால் வலி குறையும். சூட்டை நோயாளியின் மற்றக் காலில் சோதித்துப் பாருங்கள். குத்துப்பட்ட காலில் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறிய முள்ளைப் பிடுங்காதீர்கள். நீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அமுக்குமுன் மூச்சுக் கொடுக்க வேண்டும். கடலட்டைக்கோ சங்குக்கோ முக்குளித்து வந்தவருக்கு மூட்டு வலி, கால் விறைப்பு என்றால் படுக்க வைத்து ஒட்சிசன் கொடுத்து, எவ்வளவு ஆழம், எத்தனை தடவை இறங்கினார் என்று கேளுங்கள்.

மகப்பேற்று அறையில் சில இரவுகளாவது கேட்டு வாங்குங்கள். மருத்துவமாது பிள்ளையைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் போடும் அந்த முதல் நிமிடம் வண்டியிலும் அப்படியே நடக்க வேண்டும். கர்ப்பிணிப் பதிவட்டையைக் கேட்டு வாங்குவதும் பழக்கமாகட்டும்.

ஒப்படைப்பு

நோயாளியை வைத்தியசாலையில் ஒப்படைக்கும்போது சொல்வது ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மாதிரிக்கு: “42 வயது ஆண். இரவு வாடியில் தரையில் படுத்தவர். 4 மணிக்கு வயிற்று வலி, வாந்தி. 5.10க்கு நாங்கள் போனபோது இமை இயல்பு, ஒரே மூச்சில் 25 வரை எண்ணினார். 5.40க்கு இமை சரிந்தது, இப்போது 12. பாம்பை யாரும் காணவில்லை. ஒட்சிசன் கொடுக்கிறோம்.” இதில் நோயின் பெயரே இல்லை, நேரமும் மாற்றமும் மட்டும்தான் இருக்கின்றன, வைத்தியருக்கு அதுவே போதும். தாதி உத்தியோகத்தர்களின் கடமை மாறும் வேளையில் பக்கத்தில் நின்று கேளுங்கள். எது தேவை, எது வீண்பேச்சு என்பது காதுக்குப் பிடிபடும்.

உங்கள் பயிற்சிப் பதிவேட்டில் நோயாளியின் பெயர் வேண்டாம். ஊரின் பெயரும் வேண்டாம். உடப்பு போன்ற ஊரில் இன்ன வயதுப் பெண் என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். கைத்தொலைபேசியில் காயத்தைப் படம் எடுக்கவும் கூடாது. மரணத்தைக் கண்ட நாளில் மேற்பார்வையாளரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

செய்கைகளுக்கான மேற்பார்வையாளரின் கையொப்பங்களைக் கடைசி நாளுக்குச் சேர்த்து வைக்காதீர்கள். அன்று அவர் லீவில் இருப்பார். செய்த அன்றே, செய்த இடத்திலேயே வாங்குங்கள். கையொப்பம் கிடைக்காத செய்கைகளைத் தனித்தாளில் எழுதி, அம்புலன்ஸில் ஏறும் முதல் நாள் அங்குள்ள மேற்பார்வையாளரிடம் கொடுங்கள்.