பனிக்காலத்தில் கோழிக்கூண்டை மூடலாமா?

கேள்வி: அன்னூர் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம்ங்க. இருபது சிறுவிடைக் கோழி இருக்குது. மார்கழிப் பனி தாங்காதே என்று கூண்டைச் சுற்றிப் படுதா கட்டி, சந்துகூட விடாமல் அடைத்துவிட்டேன். அப்படியும் நாலைந்து கோழிக்கு மூக்கு ஒழுகுது, கண்ணில் நுரை கட்டுது. போன வாரம் வாங்கிவந்த குஞ்சில் பாதி செத்துப்போச்சு. முட்டையும் குறைஞ்சுபோச்சு. கூண்டுக்குள் பல்பு போடட்டுங்களா, டாக்டர்?
– ஒரு வாசகி, அன்னூர்

பதில்: பெரிய கோழிகளுக்குப் பல்பு வேண்டாம்ங்க அம்மா. இன்று சாயங்காலமே படுதாவின் மேல்பக்கத்தை ஒரு முழம் அவிழ்த்துவிடுங்கள்.

கோழியின் உடல் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, காலை அடிவயிற்றில் மறைத்து உட்கார்ந்துவிட்டால் நம் ஊர் விடியற்காலைக் குளிரை அது தாராளமாகத் தாங்கும். தண்ணீர் உறைகிற கனடாவில்கூடச் சூடேற்றாத கொட்டகையில் கோழி வளர்க்கிறார்கள். அங்கே உருவான சாண்டெக்ளேர் இனத்துக்குக் கொண்டை மிகச் சிறியது, பனியில் விறைத்துப் போகக் கூடாது என்பதற்காக.

கோழிக்கு ஆகாதது ஈரம். ராத்திரி முழுக்க இருபது கோழி விடுகிற மூச்சும் எச்சமும் வெளியே போக வழியில்லாவிட்டால் தரை நசநசத்து அமோனியா வாயு கிளம்பும். அது மூச்சுக்குழாயின் உள்தோலை அரித்துவிடும். அதன்பின் எந்தக் கிருமியும் சுலபமாக நுழையும். விடியற்காலையில் கூண்டுக்குள் கோழி உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிக்கு அது ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் நமக்குக் காற்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். அந்த இரண்டு பக்கமும் தரையிலிருந்து கோழி அடையும் உயரத்துக்கு மேல்வரை படுதா இருக்கட்டும். கூரையை ஒட்டி நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வெயில் ஏறியதும் படுதாவை முழுக்கச் சுருட்டிவிடுங்கள். தரையில் காய்ந்த கடலைத் தொப்பியோ தேங்காய் நார்க்கழிவோ மூன்று அங்குலம் பரப்பி, தினமும் கிளறிவிட்டு, கட்டிதட்டிய இடத்தை மட்டும் அள்ளிப் போட்டுப் புதிதாகப் போடுங்கள். அடைவதற்கு இரண்டு அங்குல அகலச் சட்டம் நல்லது; கோழி உட்காரும்போது விரல்கள் நெஞ்சு இறகுக்குள் மறையும்.

குஞ்சு விஷயம் வேறு. இறகு முளைக்கும்வரை அதற்குச் சொந்தச் சூடு போதாது. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். எல்.இ.டி. பல்பில் சூடு வராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். வெறும் ஒயரில் தொங்கவிடாமல் கம்பியால் இறுகக் கட்டுங்கள். கடலைத் தொப்பியில் விழுந்தால் கூண்டே எரிந்துவிடும். குஞ்சுகள் பல்படியில் குவிந்தால் குளிர்கிறது, விலகி வாய் பிளந்தால் சூடு அதிகம், பரவலாக மேய்ந்தால் சரி. மூடிய இடத்தில் கரி அடுப்பு வைக்கவே வைக்காதீர்கள், அந்தப் புகை கொன்றுவிடும். அடுத்த முறை அடைக்கோழியை வைத்தே பொரிக்க விடுங்கள் என்பேன். அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பனிக்காலத்தில் தீனி கூடுதலாகக் கேட்கும். அடைவதற்கு முன் ஒரு கை கம்போ மக்காச்சோளமோ போட்டால், அது செரிக்கிற சூடு ராத்திரிக்கு உதவும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்த சோளமும் புண்ணாக்கும் ஈரலைக் கெடுக்கும் விஷம். நாற்றம் மாறியதைக் கொட்டிவிடுங்கள். ராத்திரி நின்ற தண்ணீரை ஊற்றிவிட்டு, காலையில் வெதுவெதுப்பாக வரும் போர்த் தண்ணீரை வையுங்கள்.

முட்டைக்குக் கவலைப்பட வேண்டாம். மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும், அதனால் முட்டை குறையும். இறகு உதிர்க்கிற கோழியும் முட்டையை நிறுத்தும். விளக்குப் போட்டு நாட்டுக்கோழியை விரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் கோடையில்தான் அதிகம் என்றாலும் பனியிலும் வரும், வந்தால் மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. கார்த்திகையில் பொரித்த குஞ்சு அதுவரை காத்திருக்கக் கூடாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேளுங்கள். வாங்கிவரும் கோழியையும் குஞ்சையும் மூன்று வாரமாவது தனியே வைத்த பிறகே கூட்டத்தில் சேருங்கள்.

மூக்கு ஒழுகுகிற அந்த நாலைந்தையும் இன்றே பிரித்து, நாளைக் காலையில் ஒன்றை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடையில் மாத்திரை வாங்கித் தண்ணீரில் கலக்காதீர்கள். எவ்வளவு நல்ல விலைக்குக் கேட்டாலும் அந்தக் கோழிகளைச் சந்தைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அம்மா.