அம்பின் எடைச் சமநிலை

அம்பு நேராகப் பறக்கக் கூரிய பார்வை மட்டும் போதாது. அதன் எடையும் சரியாக அமைந்திருக்க வேண்டும்.

அம்பை ஒரு விரலின்மேல் கிடையாக வைத்தால், அது சாயாமல் நிற்கும் இடமே சமநிலைப் புள்ளி. இப்புள்ளி நடுப்பகுதியைவிட முனைக்குச் சற்று அருகில் இருக்க வேண்டும். சான்றாக, 80 சென்டிமீட்டர் நீள அம்பின் நடு 40 சென்டிமீட்டரில் உள்ளது. சமநிலைப் புள்ளி அதற்கு 10 சென்டிமீட்டர் முன்னே அமைந்தால், 10ஐ 80ஆல் வகுக்க 12.5 விழுக்காடு கிடைக்கும். இலக்கை நோக்கி எய்யும் போட்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 15 விழுக்காடு ஏற்றதாகக் கருதப்படுகிறது. பின்பகுதி கனத்தால் அம்பு தடுமாறும். முனை மிகுதியாகக் கனத்தால் விரைவில் தாழும். ஒலிம்பிக் இலக்கு 70 மீட்டர் தொலைவில் உள்ளதால், சிறு பிழையும் பெரிதாகிவிடும்.

பேராக் மாநிலத்தின் கோலா கங்சார் மாவட்டத்தில் வாழும் தெமியார் பூர்வக்குடியினர், ‘சும்பிட்’ எனும் ஊதுகுழலால் வேட்டையாடுவதில் வல்லவர்கள். அதன் மெல்லிய அம்பின் வாலில் இலேசான நெட்டிக் கூம்பு இருக்கும். அக்கூம்பு மூச்சுக்காற்றைத் தாங்கி அம்பை உந்துகிறது. பறக்கும்போது வாலைப் பின்னிறுத்தி முனையை முன்செலுத்துகிறது. முனையில் ஈப்போ மரத்தின் நச்சுப்பால் பூசப்படும். ஈப்போ நகரின் பெயரும் அம்மரத்திலிருந்து வந்ததே. குறி தவறினால் வேட்டைக்காரர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

எய்த அம்பைத் திருத்த இயலாது. ஆகவே, எய்வதற்கு முன்பே அதன் எடையைச் சீர்தூக்கிப் பார்ப்பது இன்றியமையாதது.