அறைக்குள் வந்த பால்கனி

கேள்வி: ‘செலிபிரிட்டி எட்ஜ்’ என்ற உல்லாசக் கப்பலின் அமைப்பைச் சிலர் போற்றுகிறார்கள், சிலர் குறை கூறுகிறார்கள். ஏன்?

பதில்: பிரான்ஸ் தேசத்துச் சேன் நசேர் துறைமுகத்தில் கட்டப்பெற்று, 2018 டிசம்பரில் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கிய, ஏறக்குறைய 306 மீட்டர் நீளமுள்ள இக்கப்பலைப் பற்றிய அபிப்பிராய பேதம் பெரும்பாலும் ஒரு ஜன்னலைப் பற்றியதே. பழைய முறையில், கதவைத் திறந்து வெளியே சென்று நிற்பதற்கென்று ஒரு பால்கனி இருக்கும். இதிலோ அந்த இடத்தையும் அறையோடு சேர்த்து, கப்பலின் விளிம்பு வரையில் தரையை நீட்டி, ஓரத்தில் பெரிய கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் கண்ணாடியின் மேற்பாதி மெல்ல இறங்கி, கைப்பிடிச் சுவரின் உயரத்தில் நின்றுவிடும். கூடவே அறையின் குளிர்சாதனமும் நின்றுவிடும். அறை விசாலமாயிற்றென்று மகிழ்வோரின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், மனைவி உறங்குகையில் ஓசைப்படாமல் வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இருளில் அலைகளைக் கேட்டு நிற்க விரும்பும் பிரயாணியின் ஏக்கமே என் நெஞ்சுக்கு நெருக்கமானது. உள்ளே மடக்குக் கதவுகள் உண்டென்றாலும் அவை திறந்த வெளிக்கு ஈடாகா.

கப்பலின் வலப்புறத்தில் மேலும் கீழும் ஊர்ந்து, 16ஆம் தளத்தில் கடலுக்கு மேலே தொங்கும் போஜனசாலையாகவும், 2ஆம் தளத்தில் படகேறும் துறையாகவும் மாறுகிற ‘மேஜிக் கார்ப்பெட்’ என்னும் செம்மஞ்சள் மேடை, கப்பலின் வடிவழகைக் கெடுக்கிறதென்பாரும் உளர். கரைக்குச் செல்லும் படகில் கால் வைக்கத் தடுமாறும் முதியவர்களுக்கு அது செய்யும் உபகாரத்தை எண்ணும்போது, அக்குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை.